ஒட்டாத தட்டு

ஓவன் கதவைச் சாத்தியதும் டெல்பின் முக்காலியை இழுத்துப் போட்டு அதற்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டாள். காவல்தான், வேறென்ன சொல்ல. மாடியில் அவளைத் தவிர ஈ காக்கை இல்லை, யாரும் வந்து கதவைத் திறந்துவிடப் போவதில்லை, ஆனாலும் எழுந்து போய்த் துணி மடிக்கவோ ராத்திரிக்குக் காய் நறுக்கவோ மனசு வரவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சத்தில், பளபளவென்ற அலுமினியத் தட்டின் மேல், கறுப்புக் கறுப்பாகச் சாக்லேட் வட்டங்கள். மரியாதையாக வேகுங்கள் என்று அவற்றிடம் சொன்னாள். பிஸ்கட்டை மிரட்டுகிற அளவுக்கு வந்துவிட்டோமே என்று சிரிப்பும் வந்தது, வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது, ஏனென்றால் மகள் ரொவினா கோயிலில் பாட்டுப் பயிற்சி முடிந்து வந்து இதில் ஒன்றைத் தின்பாள், தின்று வயிறு வலித்தால் நாளைக் காலையிலிருந்து ரெஜீஸ் மயினி சொன்னபடி நடக்கும். தினம் ஒரு துண்டு பன். முதலில் நகத்தளவு, அப்புறம் விரலளவு, அப்புறம் முழு பன். பழகிரும், பழகிட்டா எல்லாம் சரியாயிரும் என்று மயினி கீழே கல்லாவில் உட்கார்ந்தபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ரெஜீஸ் மயினி டெல்பினின் கணவர் கிளிட்டஸுக்கு அக்கா, கடையின் கல்லாவும் வீட்டின் நாக்கும் அவள்தான். அக்கா சொன்னதற்குக் கிளிட்டஸ் தலையை ஆட்டினார். டெல்பின் வாயைத் திறக்கவில்லை. அந்த வாயைத்தான் அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. ரேஷன் கடையில் திறக்கிற வாய், பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் முன்னால் திறக்கிற வாய், அன்றைக்கு மட்டும் அதற்கு என்ன அடைப்பு வந்ததாம். ஆனால் இரண்டு தடவை கோதுமை வாடையே இல்லாமல் குக்கீஸ் செய்து கொடுத்து, இரண்டு தடவையும் பிள்ளை சுருண்டு படுத்துக்கொண்டால், எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது? கீழே ரொட்டி இறக்குகிறார்கள் போல, வாசனை படியேறி வந்துவிட்டது. கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்த புதிதில் இந்த ஜன்னலில் நின்று அந்த வாசனையை இழுத்து இழுத்து மோந்தவள்தான் அவள். இப்போது எழுந்து ஜன்னலைச் சாத்தினாள்.

மெல்கியோர் பேக்கரி. மாமனார் பெயர். இந்த வீடே மைதாவில் எழும்பிய வீடு, சுவர் மைதா, ஃபிரிட்ஜ் மைதா, இந்த ஓவனே மைதா, மைதாச் சோத்தைத் தின்னுக்கிட்டு மைதாவையே குத்தம் சொல்லுதா பாரு என்று மயினி அவள் காதுபடச் சொன்னது எத்தனை தடவை. சொல்லட்டுமே. உண்மைதானே. இந்த வீட்டில் எல்லாக் குழந்தைகளும் பாலில் தோய்த்த ரஸ்க் தின்று வளர்ந்தவை, ரொவினாவுக்கும் பல் முளைக்கும் முன்பே மயினிதான் ரஸ்க் ஊட்டினாள், ஆசையாகத்தான் ஊட்டினாள், அதைக் குறை சொல்ல முடியாது. அதற்கப்புறம் வயிற்றுப்போக்கு, வயிறு மட்டும் உப்பல், கையும் காலும் குச்சி. பூச்சி மருந்து. வேளாங்கண்ணிக்கு நேர்ச்சை. மறுபடியும் பூச்சி மருந்து. ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது பஸ்ஸில் கண்டக்டர் ஒண்ணாப்பா பாப்பா என்று கேட்டார், பிள்ளை முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டது. பிறகுதான் மதுரை டாக்டர், ரத்தப் பரிசோதனை, தொண்டை வழியாகக் குழாய். கோதுமை சேராதும்மா, மைதா, ரவை எல்லாம் கோதுமைதான், ஆயுசுக்கும் ஆகாது, குடல் ஆறினால்தான் பிள்ளை வளரும், புரோட்டீன் நிறையக் குடுங்க. அந்த அம்மாள் நல்ல டாக்டர், கண்ணைப் பார்த்துப் பேசினாள். ஊருக்குத் திரும்பி இதைச் சொன்னதும் மயினி அடித்தொண்டையிலிருந்து சிரித்தாள். "ரொட்டிக்காரன் பிள்ளைக்கு ரொட்டி சேராதாம்ல!" கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லி, பன் பொட்டலத்தோடு சேர்த்துக் கொடுத்தாள். டெல்பின் அன்றைக்கே மாடியை வேறு நாடு ஆக்கிவிட்டாள். தனி மிக்ஸி, தனிச் சட்டி, தனிக் கரண்டி. மாவு மில்லுக்குப் போவதை நிறுத்தினாள், அங்கே கோதுமை அரைத்த கல்லில்தானே நம் மாவும் விழும். கிளிட்டஸ் வேலை முடிந்து பின்கட்டில் குளித்து லுங்கி மாற்றாமல் படியேறக் கூடாது. அவரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் குளித்துவிட்டுத்தான் வருகிறார், மழைக் காலத்திலும், பாவம். அப்படியும் சாம்பாருக்கு வலிக்கிறது என்று பிள்ளை சொல்லி, இதென்னடா சாம்பாரில் என்ன இருக்கிறது என்று மண்டையைக் குடைந்து, ஒரு நாள் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் மைதா. பெருங்காயத்தில்! அந்த டப்பாவை ஜன்னல் வழியே எறிந்தாள், அது தெருவில் உருண்டு போய்ச் சாக்கடை ஓரம் நின்றது, எறிந்த கையில் அத்தனை சந்தோஷம்.

ஆனால் மக்ரூன். அங்கேதான் மாட்டிக்கொள்வாள், நினைப்பு எந்த வழியில் போனாலும் மக்ரூனில் வந்து தட்டி நிற்கும். ஊரே பேர் சொல்லுகிற மக்ரூன், முந்திரியும் சர்க்கரையும் முட்டை வெள்ளையும், அதில் மைதா ஒரு சிட்டிகை கிடையாது. அதை மயினி ஒரு நாள் பிள்ளை வாயில் திணித்தாள், பிள்ளைக்கு வலித்தது. பாத்தியா, மைதா இல்லாத பண்டத்துக்கும் வலிக்குன்னா அது வயித்துல இல்ல, மனசுல. அதே மேஜைமேல்தானே காலையில் மைதா பிசைகிறார்கள், அதே காற்றில்தானே மைதா பறக்கிறது என்று டெல்பின் தொண்டை வற்றச் சொன்னாள். சரி, அப்ப நீ உன் மாடியில, உன் சட்டியில, உன் கையால செஞ்சு குடு பாப்போம் என்றாள் மயினி. செய்தாள். சிநேகிதி பிறந்தநாளுக்குப் போய்க் கேக்கை வேடிக்கை பார்த்துவிட்டு வருகிற பிள்ளை, போனில் குக்கீஸ் செய்கிற வீடியோவாகப் பார்த்துக்கொண்டே சோறும் மோரும் தின்கிற பிள்ளை. பொட்டுக்கடலையை வாங்கிப் பொறுக்கி அரைத்தாள், நிலக்கடலையை வறுத்துத் தோல் ஊதி அரைத்தாள், முட்டை வெள்ளையை நுரைக்க அடித்தாள், உடன்குடிக் கருப்பட்டியைக் காய்ச்சி மண் போக வடிகட்டினாள், கோக்கோ, உப்பு, ஒரு துளி சோடா உப்பு. தெய்வமே என்று தட்டில் வைத்தாள். அருமையாக வந்தது. ரொவினா இரண்டு தின்று, அவளைக் கட்டிப்பிடித்து, கன்னத்தில் சாக்லேட்டோடு முத்தம் கொடுத்தாள். சாயங்கால ஜெபத்துக்கு முட்டி போட்டவள் எழுந்திருக்கவில்லை, அப்படியே வயிற்றை அழுத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். அடுத்த தடவையும் அதே கதை. இந்த இரண்டாம் தடவைக்குப் பிறகுதான் பிள்ளை துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டது. "எம்மா, அத்தை சொல்லுத மாதிரி நான்தான் நடிக்கேனோ? எனக்கே தெரியாம?" வலிக்கிறது என்று அழுத பிள்ளையைத் தேற்றலாம், தன் வலியையே சந்தேகப்படுகிற பிள்ளையை என்ன செய்வது? பதின்மூன்று வயசில் தன் உடம்பை நம்பாதவள் நாளைக்கு எதை நம்புவாள்? எவன் என்ன செய்தாலும் நான்தான் நடிக்கேனோ என்று யோசித்துக்கொண்டு நிற்பாளா? "இன்னும் ஒரு தடவை செய்ம்மா, கடைசித் தடவை. அதுக்கும் வலிச்சா அத்தை சொல்லுத பன்னைத் தின்னுருதேன். எனக்கும் சண்டை கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு." அலுத்துப்போச்சாம். பெரிய மனுஷி. டெல்பின் முக்காலியில் உட்கார்ந்து கண்ணாடியை முறைத்தாள். வலிக்காது. வலித்தாலும் பன் கிடையாது. கோயிலில் நற்கருணை அப்பமே கோதுமை என்று தெரிந்து பங்குச் சாமியாரிடம் போய் நின்றவள் அவள், சாமியாரே யோசித்து, மேலிடத்தில் கேட்டு, இந்தப் பிள்ளைக்குத் திராட்சை ரசம் மட்டும் போதும் என்று கிண்ணத்தைத் தனியாக நீட்டினார், பின்வரிசைப் பெண்கள் பிலுபிலுவென்று பேசினார்கள், பேசட்டும். ஆண்டவரே அப்பத்தை விட்டுக்கொடுத்துவிட்டார், ரெஜீஸ் மயினிக்குப் பன்னை விட்டுக்கொடுக்க முடியாதாமா?

உட்கார்ந்திருக்க முடியவில்லை. உட்கார்ந்தால் நினைப்பு செக்கு மாடாய்ச் சுற்றுகிறது. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவலாம் என்று தொட்டிப் பக்கம் போனாள். எதை விட்டேன்? கடலை கழுவிக் காயவைத்தது. கோக்கோ டப்பாவின் எழுத்தை லென்ஸ் வைத்துப் படித்தாயிற்று. சோடா உப்பு புதுப் பாக்கெட். முட்டையில் என்ன இருக்கப் போகிறது, கோழி கோதுமை தின்னுமோ, தின்றாலும் முட்டைக்குள் மைதா வருமா, பைத்தியம் பிடிக்கப்போகிறது எனக்கு. கருப்பட்டி காய்ச்சிய சட்டி தொட்டிக்குள் கிடந்தது. மிச்சப் பாகு அடியில் இறுகி, அதில் கரண்டி நட்டுக்குத்தலாக நின்றது. இழுத்தாள். கரண்டியோடு சட்டியும் சேர்ந்து மேலே வந்தது. இந்தக் கருப்பட்டியே இப்படித்தான், கையில் பட்டால் கை, துணியில் பட்டால் துணி, வெந்நீர் ஊற்றி ஊறவைத்து மன்றாடினால்தான் விடும். விடாத பண்டம். ஒட்டினால் ஒட்டியதுதான். சட்டியைக் குழாய்க்கடியில் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. என்னமோ ஒன்று மண்டைக்குள் இடறியது, கால் தடுக்கினாற்போல, என்ன என்று தெரியவில்லை, திரும்பிப் போய் அந்த இடத்திலேயே மறுபடி நடந்து பார்த்தாள். ஒட்டினால் ஒட்டியதுதான். சட்டியில் ஒட்டுகிறது. கரண்டியில் ஒட்டுகிறது. அப்படியானால் குக்கீஸ் ஏன் தட்டில் ஒட்டவில்லை? முதல் தடவை தட்டைச் சாய்த்ததும் எல்லாம் சறுக்கிக்கொண்டு வந்தனவே, சறுக்குமரத்தில் பிள்ளைகள் மாதிரி. பெருமையாக இருந்தது. "பாத்தியளா, ஒண்ணுகூட ஒட்டல" என்று கிளிட்டஸிடம் காட்டினாள். அவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தார். "தட்டு யார் பதம் பண்ணுன தட்டு?" தட்டு. தட்டைப் பற்றி இவ்வளவு நேரம் ஏன் நினைக்கவில்லை? ஏனென்றால் அது அவர் கொடுத்தது. இந்தச் சண்டையில் இத்தனை வருஷம் அக்கா பக்கமும் இல்லாமல் பெண்டாட்டி பக்கமும் இல்லாமல் குளித்துக் குளித்து வந்த மனுஷன், ஒரு நாள் அவராகவே புதுத் தட்டு ஒன்று வாங்கி வந்து, குடு, அடிப்பிடிக்காம பதம் பண்ணித் தாரேன் என்று கீழே எடுத்துப் போனார். மூன்று தடவையும் அவர்தான் எடுத்துப் போய், குளித்து, பேப்பரில் சுற்றிப் பவித்திரமாகக் கொண்டு வந்து கையில் கொடுத்தார். வெண்ணெய் மினுங்கியது. எப்படிப் பதம் பண்ணினீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அவர் இதில் செய்த ஒரே காரியம் அது, அதையும் துருவிக் கேட்டால் இனி அதுவும் செய்யமாட்டாரோ என்று அடங்கியிருந்தாள். உப்பைக்கூடச் சந்தேகப்பட்டவள் அந்தத் தட்டை மட்டும் சந்தேகப்படவில்லை. குழாயை நிறுத்தக்கூட மறந்து ஓவனுக்கு ஓடினாள்.

இன்னும் வெந்து முடியவில்லை. முடியாவிட்டால் போகிறது. துணியைப் பிடித்துத் தட்டை வெளியே இழுத்து மேடையில் வைத்தாள். ஓரத்தில் இருந்த ஒன்றைத் தொட்டாள், விரல் சுட்டது, அது சறுக்கி நகர்ந்தது. மெத்தென்று, கருப்பட்டி கசிந்துகொண்டு, ஆனால் நகர்ந்தது. அது இருந்த இடத்தில் தட்டு வெள்ளையாகத்தான் இருந்தது, வெள்ளைத் தட்டு வெள்ளையாக இல்லாமல் எப்படி இருக்கும். ஒன்றும் வைக்காத மூலை ஒன்றில், தான் உடுத்தியிருந்த கறுப்பு நைட்டியின் ஓரத்தை வைத்து அழுத்தித் தேய்த்தாள். தேய்த்துவிட்டு உடனே பார்க்கவில்லை. ஆண்டவரே, இருக்கக் கூடாது என்று ஒரு மனசு, இருக்க வேண்டும் என்று ஒரு மனசு. இருந்தால் அவர் குற்றம். இல்லாவிட்டால் பன். பார்த்தாள். கறுப்பில் வெள்ளையாக ஒரு தீற்றல். விரலில் தொட்டு உரசினாள். நரநரப்பில்லாத, நைசான, இந்த வீட்டில் யார் கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டாலும் சொல்லிவிடக்கூடிய அந்த மழமழப்பு. மைதா. அவளுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. போய், திறந்தே கிடந்த குழாயை நிறுத்தினாள். பிறகு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது பாருங்கள் ஒன்று, அதைக் கோபம் என்று மட்டும் சொல்ல முடியாது, அதில் பாதி சந்தோஷம். என் பிள்ளை நடிக்கவில்லை. என் பிள்ளை நடிக்கவே இல்லை. தட்டைத் துணியோடு தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். ரொவினாவுக்கு நோய் தெரிந்த நாளிலிருந்து கடைக்குள் கால் வைக்காதவள், மாவு காலில் ஒட்டி மாடிக்கு வந்துவிடும் என்று தெருவைச் சுற்றிப் போகிறவள், நேராக உள்வாசல் வழியாகக் கடைக்குள் நுழைந்து, மயினியின் முன்னால் கண்ணாடிப் பெட்டியின் மேல் தட்டை வைத்தாள். சூட்டுக்குக் கண்ணாடி விரிசல் விடுமோ என்று ஒரு நினைப்பு ஓடியது. விட்டால் விடட்டும்.

"என்னளா, அடுப்போட தூக்கிட்டு வந்துட்ட? ஆயிட்டா?" என்றாள் மயினி.

"ஆயிட்டு மயினி. இது உங்களுக்கு." உள்பக்கம் திரும்பி, "ஏங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்ட சத்தத்தில் ரொட்டி வாங்க நின்ற பெரியவர் ஒருவரும் திரும்பிப் பார்த்தார்.

கிளிட்டஸ் பிசைகிற மேஜையிலிருந்து வந்தார். முழங்கைவரை மாவு. தட்டைப் பார்த்ததும் சிரித்தார், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

"இந்தத் தட்டுக்கு என்ன பதம் பண்ணுனிய?"

"என்ன பண்ணுனேன். வெண்ணெய் தடவுனேன்."

"தடவிட்டு?"

"தடவிட்டு..." என்றார். மேலே சொல்லவில்லை. ஆனால் அவருடைய வலது கை, யாரும் கேட்காமலே, ஐந்து விரலையும் குவித்துக்கொண்டு காற்றில் ஒரு சுழற்றுச் சுழற்றியது, பிறகு இடது கை இல்லாத ஒரு தட்டின் விளிம்பை டொக் டொக்கென்று தட்டி மிச்சத்தை உதறியது. சின்ன வயசிலிருந்து தினமும் செய்கிற காரியம். வாய் சொல்வதற்குள் கை சொல்லிவிட்டது. அந்தக் கையை அவரே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது தட்டுக்குத்தான டெல்பி," என்றார், குரல் இறங்கியிருந்தது. "பிஸ்கட்டுக்குள்ள நான் ஒரு பொட்டு போடலையே. தூவுறதை யாரும் மாவுன்னு..."

"அதெல்லாம் ஒரு மாவா?" என்று மயினி குறுக்கே விழுந்தாள். "ஊதுனா பறந்துரும். அதுக்குப் போய்க் கடைக்குள்ள வந்து கூப்பாடு போடுத!"

"ஊதுனா பறக்குத மாவுதான் மயினி." டெல்பின் நைட்டியில் இருந்த வெள்ளைத் தீற்றலை விரித்துக் காட்டினாள். "அது அங்க இருக்குன்னு எனக்குத் தெரியல. தூவுன இவியளுக்கே நெனப்பு இல்ல. உங்களுக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. அவ வயித்துக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு, ரெண்டு தடவையும் தெரிஞ்சிருக்கு. நடிக்கிற பிள்ளைக்கு இன்னைக்கு நடிக்கணும்னு யாரு வந்து சொல்லிக் குடுத்தா? சொல்லுங்க."

மயினி கல்லாப் பெட்டியைத் திறந்தாள். எண்ணி வைத்த சில்லறையையே மறுபடி எண்ண ஆரம்பித்தாள். டெல்பின் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை.

"நாளைக்குப் பன் கிடையாது. நாளைக்கு மட்டுமில்ல, என்னைக்கும் கிடையாது. இனிமே எம் பிள்ளைகிட்ட மனசுல இருக்கு, மாங்காயில இருக்குன்னு யாராவது சொன்னிய, இந்தக் கடை வாசல்ல நின்னு சொல்லுவேன், ரொட்டி வாங்க வாரவுக எல்லாரும் கேட்கட்டும்."

ரொட்டி வாங்க வந்த பெரியவர் தட்டைப் பார்த்து, "இது விக்கிறதுக்காம்மா?" என்றார். வாசனை அப்படி.

"விக்க இல்லைங்கையா. சாட்சிக்கு" என்றாள் டெல்பின்.

படியேறினாள். பின்னால் கிளிட்டஸ் வருகிற சத்தம் கேட்டது, நடுவழியில் நின்றுவிட்டார், குளிக்காமல் ஏறக் கூடாது என்று நினைவு வந்திருக்கும். "டெல்பி" என்றார். அவள் திரும்பினாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி, எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல நின்றார், கண் கலங்கியிருந்தது. எம் பிள்ளைக்கு நானே குடுத்திருக்கேன் என்றார். அவளுக்கு ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது, பிடிக்க முடியாது, அதில் மாவு. இந்த வீட்டில் பிரியத்தைக்கூட முதலில் கழுவ வேண்டியிருக்கிறது. "குளிச்சிட்டு வாங்க, பேசிக்கிடலாம். தட்டு இனி கீழேயே கெடக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள். அவளும் தலையோடு குளித்தாள், நைட்டியை வாளியில் முக்கினாள், ஓவனுக்குள் கம்பியைத் துடைத்தாள், மேடையைத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். மறுபடி கடலை மாவு, மறுபடி முட்டை வெள்ளை, மறுபடி கருப்பட்டி. கை வலித்தது. தன் அம்மா வீட்டுச் சீராக வந்த எவர்சில்வர் தாம்பாளத்தை இறக்கி, தேங்காய் எண்ணெய் மட்டும் தடவினாள். தடவியதும் அவள் கையே அடுத்து என்ன என்று ஒரு கணம் தயங்கியது. ஒன்றுமில்லை, இவ்வளவுதான் என்று அதனிடம் சொன்னாள். ஓவன் கதவைச் சாத்தும்போது ரொவினா படியேறி வந்தாள், பாட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முகத்தில் பரீட்சைக்கு வந்தவள் மாதிரி ஒரு இறுக்கம். டெல்பின் அவளை முக்காலியில் உட்காரவைத்து, எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தட்டையும் வெண்ணெயையும் தூவின மாவையும் முதலிலிருந்து சொன்னாள். பிள்ளை இமைக்காமல் கேட்டது. கடைசியில் அழும் என்று நினைத்தாள், அழவில்லை.

"அப்ப எனக்கு வலிச்சது நிஜம்" என்றாள் ரொவினா.

"நிஜம்."

"அத்தைக்குத் தெரியுமா?"

"கடையில வச்சே சொல்லிட்டு வந்துட்டேன். ரொட்டி வாங்க வந்த தாத்தாவுக்கும் தெரியும்."

பிள்ளையின் வாய் ஓரம் மெல்ல மேலே போனது. ஓவன் மணி அடித்ததும் டெல்பின் தாம்பாளத்தை எடுத்து வைத்தாள். ஆறவிட்டுத் தோசைக் கரண்டியை ஒரு வட்டத்துக்கு அடியில் கொடுத்தாள். அது அசையவில்லை. நெம்பினாள், பாதி கரண்டியில் வந்தது, பாதி தாம்பாளத்திலேயே நின்றுவிட்டது. அடுத்ததும் அப்படியே. எல்லாமே அப்படியே. கருப்பட்டி தன் வேலையைக் காட்டியிருந்தது, தாம்பாளம் முழுக்கக் கறுப்பாகப் பிடித்துக்கொண்டு பொடிப் பொடியாகச் சிதறிக் கிடந்தது, எந்தக் கடைக் கண்ணாடிப் பெட்டியிலும் வைக்க முடியாத கோலம். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு மனசு நிறைந்தது.

"ஒட்டிக்கிச்சேம்மா" என்றாள் ரொவினா.

"ஒட்டத்தான் செய்யும். நல்லா ஒட்டட்டும்."

ரொவினா ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். எப்போதும் தின்றதும் ஒரு கை தன்னால் வயிற்றுக்குப் போய்விடும், வலி வரும்வரை காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இன்று இரண்டு கையும் தாம்பாளத்தில் இருந்தன. அதைத் தூக்கிக்கொண்டு, ஒரு தேக்கரண்டியையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள். எங்கட்டி போற என்று டெல்பின் கேட்பதற்குள் மாடிப்படியின் தலைப்பில், கீழே கல்லாவிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் போய் உட்கார்ந்து, தாம்பாளத்தை மடியில் வைத்துச் சுரண்டித் தின்ன ஆரம்பித்தாள். கீழே வரை கேட்கும்படி சத்தமாகச் சுரண்டினாள்.